பாய்லர் குழாய் எங்கே தேயும்? ஊசலை ஆராய்ந்து வழிகாட்டிய ஸ்டோக்ஸ்

அனல்மின் நிலைய பாய்லரில் நிலக்கரி எரிந்ததும், சாம்பல் புகையோடு சேர்ந்து பறக்கும். வழியில் வரிசையாக நிற்கும் எஃகுக் குழாய்கள் மீது மோதி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்கும். குழாய் மெலிந்து ஓட்டை விழுந்தால், யூனிட்டையே நிறுத்தணும். சாம்பல் அதிகமுள்ள இந்திய நிலக்கரியில் இந்தத் தலைவலி இன்னும் அதிகம்.

எந்த இடம் சீக்கிரம் தேயும் என்பதை இன்று கணினி சிமுலேஷன் முன்கூட்டியே கணிக்கிறது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், கணினியையே பார்க்காத ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

யார் இவர்?

1819-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில், ஸ்க்ரீன் என்ற ஊரில் பாதிரியார் வீட்டுக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். 1849-ல், முப்பதே வயதில், ஒருகாலத்தில் நியூட்டன் வகித்த லூகாசியன் பேராசிரியர் பதவி. 1903-ல் இறக்கும்வரை அதில் இருந்தார்.

கல்யாணம் செய்தால் கல்லூரி ஃபெலோஷிப் போய்விடும் என்பது அன்றைய விதி. 1857-ல் மேரி ராபின்சனை மணந்து ஸ்டோக்ஸ் அதை இழந்தார். விதி மாறிய பிறகு, திரும்பக் கிடைத்தது.

என்ன கண்டுபிடித்தார்?

பாகுத்தன்மை உள்ள திரவமும் வாயுவும் எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாடுகளை 1845-ல் வகுத்தார். பிரான்ஸின் நேவியர் அதே சமன்பாடுகளை வேறு வழியில் முன்பே எட்டியிருந்ததால், அவை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் ஆயின.

அடுத்து, ஆடும் ஊசலைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று ஆராய்ந்தார். மெதுவாக நகரும் சின்ன உருண்டை மீதான இழுவிசை அதன் ஆரம், வேகம், வாயுவின் பாகுத்தன்மை மூன்றையும் பொறுத்தது. இது 1851-ல் அச்சானது.

குழாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குழாயை நெருங்கும்போது புகை வளைந்து விலகிப்போகும். சாம்பல் துகளை அதோடு வளைத்து இழுப்பது இந்த இழுவிசைதான். துகள் இரண்டு மடங்கு பெரிதானால் விசை இரண்டு மடங்குதான் கூடும். எடையோ எட்டு மடங்கு! அதனால் பொடித்துகள் தப்பிவிடும், பெரிய துகள் திரும்ப முடியாமல் நேரே போய் மோதும். எது மோதும், எது தப்பும் என்பதைக் காட்டும் அளவுக்கே ‘ஸ்டோக்ஸ் எண்’ என்று பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள்.

சிமுலேஷன் செய்வதும் இதைத்தான். முதலில் புகையின் ஓட்டத்தைக் கணக்கிடும். பிறகு ஆயிரக்கணக்கான துகள்களை அதில் விட்டு, ஒவ்வொன்றும் எங்கே, எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் மோதுகிறது என்று கணக்கெடுக்கும். வேகமான, பெரிய துகள்களுக்கு ஸ்டோக்ஸ் விதி அப்படியே பொருந்தாது. அதில் திருத்தம் சேர்ப்பார்கள்.

வேகம் இரட்டிப்பானால், தேய்மானம் பொதுவாக நான்கு முதல் எட்டு மடங்கு ஆகலாம். அதனால்தான் புகையின் வேகத்தைக் குறைக்கிறார்கள், அதிகம் தேயும் இடத்தில் கவசத் தகடு பொருத்துகிறார்கள்.

நிலக்கரியைப் பொடியாக்கி எரிக்கும் பெரிய மின் நிலையங்கள் வந்தது ஸ்டோக்ஸ் காலத்துக்குப் பிறகுதான். ஊசலுக்காக அவர் போட்ட கணக்கு, இன்று அந்த நிலையங்களின் குழாய்களைக் காக்க உதவுகிறது.