ஜி.டி. நாயுடுவும் உங்கள் வீட்டு டிஷ்வாஷரும்

நம் வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாக அடிக்கடி வரும் கேள்வி டிஷ்வாஷர் பழுது பற்றியது. அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, டம்ளர்களில் வெள்ளைப் படலம், பாதியில் நின்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டுகிறது, சர்வீஸ் ஆள் வர நாலு நாள் ஆகுமாம், என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். அதற்கான பதிலை இந்த முறை ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்கிறேன். கோவைக்கு அவிநாசி ரோட்டில் போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். கோல்ட்வின்ஸில் ஏறி உப்பிலிபாளையத்தில் இறங்கும் புது மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஜி.டி. நாயுடு. நம் திருப்பூரில் பருத்தி அரைத்துச் சம்பாதித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23 அன்று. ஊர் கலங்கல். பல்லடம் வழியாகக் கோவை போகும்போது வருகிற சூலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது.

அதே 1893-ல் அமெரிக்காவில் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தது. ஜோசபின் காக்ரன் என்ற பெண்மணி, தான் கண்டுபிடித்த பாத்திரம் கழுவும் மெஷினை அங்கே வைத்துப் பரிசு வாங்கினார். 1886-ல் காப்புரிமை பெற்ற மெஷின் அது. அழுத்தத்தோடு பீய்ச்சும் சுடுதண்ணீர்தான் பாத்திரத்தைக் கழுவ வேண்டும் என்ற அவர் யோசனையே இன்று உங்கள் அடுக்களையில் ஓடுவதிலும் இருக்கிறது. ஓட்டல்கள் உடனே வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. அன்றைய வீடுகளில் போதிய சுடுதண்ணீர் கிடையாது, பல ஊர்களில் தண்ணீரும் கடின நீர். தண்ணீர்ச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு அது ரொம்பப் பொருந்தும்.

நாயுடுவுக்கு வருவோம். அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி வைத்திருந்த ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அது எப்படி என்று தெரிந்தாக வேண்டும். ஊரைவிட்டுக் கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்து, சுமார் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியிருந்தால் இன்று அவரைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது. அவர் அதைக் கழற்றினார். முழுக்கக் கழற்றி, எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்து, மறுபடி மாட்டி ஓட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நம்மைப் போல ஒவ்வொரு படியையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியும் இல்லை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி. நல்ல நிலையில் ஒரு மெஷின் எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்தவருக்குத்தான் கெட்டுப்போனபோது எங்கே மாறியிருக்கிறது என்று புரியும். மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்தது அப்படித்தான்.

நம்மில் எத்தனை பேர் நன்றாக ஓடும் டிஷ்வாஷரின் கீழ்த்தட்டை எடுத்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறோம்? இன்று ராத்திரி பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நடுவில் உருளையாக ஒரு பில்டர் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம் திருகினால் கையோடு வந்துவிடும். அதன் கீழே ஒரு குழி, குழிக்குள் சின்ன மூடி, மூடிக்குப் பின்னால் வெளியேற்றும் பம்ப். மேலேயும் கீழேயும் ஓட்டை போட்ட கைகள் இரண்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சுற்றுபவை. சுவர்ப்பக்கம் குழாயிலிருந்து வரும் ஹோஸ், சிங்க் அடிக்குப் போகும் ஹோஸ். வீட்டில் வருகிற கோளாறில் பெரும்பகுதி இதற்குள்தான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனிகள் தலையெடுப்பதற்கு முந்தைய திருப்பூர் அது, பருத்திச் சந்தை ஊர். இங்கே ஜின்னிங் பேக்டரி வைத்து, கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் தொழிலில் நல்ல பணம் பார்த்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். போட்டதையெல்லாம் இழந்து திரும்பினார். மெஷின் கண்முன்னே இருக்கும், திறந்து பார்க்கலாம். பம்பாய்ச் சந்தையைத் திறந்து பார்க்க வழியில்லை.

திரும்பி வந்தவருக்குக் கை கொடுத்தவர் கோவையின் ராபர்ட் ஸ்டேன்ஸ். தவணைக்கு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டத் தொடங்கினார். டிரைவரும் அவரே. அந்த ஒற்றை பஸ் வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியானது. நேரம் தவறாத பஸ் என்ற பெயர் அதற்கு. அன்றைய ரோட்டில், அன்றைய எஞ்சினோடு, நேரத்துக்குப் பஸ் போக வேண்டுமென்றால் நடுவழியில் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

உங்கள் வீட்டு பஸ்ஸுக்கும் அதே கதைதான். பில்டரை வாரம் ஒரு தரம் குழாயடியில் பழைய பிரஷ் போட்டுத் தேய்த்தால் தண்ணீர் தேங்கும் புகாரில் பாதி வராது. நம் சமையலில் என்னென்ன போய் அடைக்கும் என்று ஜெர்மன்காரன் யோசித்திருக்க மாட்டான். கறிவேப்பிலை, புளி நார், தேங்காய்த் துருவல். கடுகு இருக்கிறதே, அது பீய்ச்சும் கையின் ஓட்டைக்கு அளவெடுத்த மாதிரிப் போய் உட்காரும். மேல்தட்டுப் பாத்திரம் மட்டும் அழுக்காகவே வருகிறதா? அந்தக் கையைக் கழற்றிக் குலுக்குங்கள், உள்ளே கடுகு உருளும் சத்தம் கேட்டாலும் கேட்கும். ஓட்டையைப் பல்குச்சியால் சுத்தம் செய்யலாம், குச்சி உள்ளே முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நீளக் கரண்டி தட்டி நின்றிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

பில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லையா? சிங்க் அடியில் ஹோஸ் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் குழியில் மிஞ்சிய தண்ணீரை ஸ்பாஞ்சால் எடுத்துவிட்டு பம்ப் மூடியைத் திறக்கலாம். கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும், வெறும் விரலை விடாதீர்கள். தண்ணீரே உள்ளே வரவில்லையென்றால் குழாயை மூடி, வரும் ஹோஸின் முனையைக் கழற்றுங்கள். அங்கே ஒரு சிறு வலை இருக்கும், டேங்க் கழுவிய மறுநாள் மண் வந்து அடைக்கும் இடம்.

நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் நீங்கள் மெஷினை முழுசாகப் பிரிப்பதில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எந்த ஊசி என்று கண்டுபிடிக்கிறீர்கள். இங்கேயும் அடையாளத்திலிருந்து இடத்துக்குப் போனால் போதும்.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்த முதல் மின் மோட்டாரை ஜி.டி. நாயுடு பீளமேட்டில் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரியது இதுதான். கோவையின் மோட்டார், பம்ப் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது இப்படித்தான். டிஷ்வாஷரும் மிஞ்சிப்போனால் மோட்டார் வைத்த இரண்டு பம்ப், தண்ணீரைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர், இவற்றை வரிசையாக ஓட்டும் ஒரு சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான்.

ஜெர்மனி போய்வந்தார். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ராசந்த் சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் பேன், ஓட்டுப் பதியும் மெஷின் என்று வரிசையாகச் செய்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். 70 ரூபாயில் ரேடியோ கொடுக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் செய்தார், அரசு லைசென்ஸ் தரவில்லை. வரிச்சுமையை எதிர்த்து, தாம் செய்த பொருள்களைப் பலர் பார்க்க அடித்து நொறுக்கியதும் உண்டு. அவர் கோபம் புரிகிறது. ஆனாலும் ஒரு ரட்ஜ் வண்டியைத் திருகாணி திருகாணியாக மாட்டிய கை அதைச் செய்தது என்பதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு பொறியியல் கல்லூரி ஜி.சி.டி. அங்கிருந்து வந்ததுதான். படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லை, பட்டறையில் கை அழுக்கானால் குறைந்த காலமே போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

இப்போது வெள்ளைப் படலம். நம் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும் சூடுபட்டதும் படியும். டம்ளரில் படிவதைப் பார்க்கிறீர்கள், ஹீட்டரில் படிவதைப் பார்ப்பதில்லை. சாய ஆலைகளில் சாப்ட்னர் பிளான்ட் இருக்கிறதே, உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிப்பார்களே, அதன் குட்டிப் பதிப்பு உங்கள் டிஷ்வாஷருக்குள் இருக்கிறது. கீழே உப்புப் போடும் மூடி அதற்காகத்தான். அங்கே டிஷ்வாஷர் உப்புதான் போட வேண்டும், சமையலறைத் தூள் உப்பு வேண்டாம். தண்ணீரின் கடினத்தைச் சோதிக்கும் பட்டை கடையில் கிடைக்கும். பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு செட்டிங்கை வையுங்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் வைத்த செட்டிங் போர்வெல் நாளுக்குப் போதாது. இருப்பதில் கடினமான தண்ணீருக்கு வைப்பதே நல்லது. ஏற்கெனவே படிந்த டம்ளரை வினிகரில் துடைத்துப் பாருங்கள். போனால் உப்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே தேய்ந்துவிட்டது, மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

பம்ப் நிற்காமல் ஓடி, கழுவ மறுத்தால் பல மாடல்களில் அடித்தட்டில் தண்ணீர் கசிந்து மிதவை மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். குழாயை மூடிவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஹீட்டர், போர்டு இரண்டையும் நீங்கள் தொட வேண்டாம். வாரண்டி இருக்கும் மெஷினில் திருகாணியையே தொட வேண்டாம். எந்த எண் காட்டியது, எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டால், வருகிறவர் சரியான பாகத்தோடு வருவார்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் தொடங்கிய தொழிற் கண்காட்சி கோவை அவிநாசி ரோட்டில் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன் விடுமுறை நாளா, நேரம் என்ன என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.