டாக்டர் சாமுவேல் கிறீன்

தியாகராய நகர்க் கடைவீதியில் மருந்து வாங்கித் திரும்புவோர், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பார்ப்பாராயின், அதிற் பெரும்பாலும் ஒரு தமிழெழுத்தும் காணார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் சொல்ல இயலாதென்பார் நம்மிடையே இன்றும் உளர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதனைச் செய்து காட்டிய ஓர் அந்நியரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கு மாநகரை உருவாக்கியவருள் ஒருவரென்று புகழப்பெறும் ஆண்ட்ரூ கிறீன் இவர் தமையனாராவர். தமையனார் பெருநகரைக் கட்டுதலில் ஈடுபட, தம்பியாரோ வைத்தியக் கல்வி முற்றி, அமெரிக்க மிஷனைச் சேர்ந்து, 1847-ல் யாழ்ப்பாணம் போந்தார். வட்டுக்கோட்டையிற் சின்னாள் இருந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைபெற்றார்.

ஆங்கு நோயாளரைப் பார்த்தல், இரண சிகிச்சை செய்தல், மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுதல், நூல் பெயர்த்தல், அச்சுத்தாள் திருத்துதல் ஆகிய யாவும் அவர் தலைமேலேயே விழுந்தன. 1857-ல் தாய்நாடு சென்றவர், மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, 1862-ல் மீண்டும் வந்தார்.

இவ்விரண்டாம் வருகையிலேதான் அவர் பெரியதொரு துணிவு கொண்டார். ஆங்கிலத்திற் பயின்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போயினர்; கிராமத்து ஏழைகட்கோ வைத்தியர் இலர். ஆகவே இனித் தமிழிலேயே கற்பிப்பதென முடிவு செய்தார். ஆங்கிலமே சோறு தருமென்று நம்பிய பெற்றோரும் பிள்ளைகளும் இதனை விரும்பினாரல்லர். அவர் பின்வாங்கவில்லை. தொப்பியும் காற்சட்டையும் தரித்து மேனாட்டாரைப் போலித்தலையும் தம் மாணாக்கரிடத்து அவர் வெறுத்தார். கிறிஸ்தவராதல் வேறு, ஐரோப்பியராதல் வேறு என்பது அவர் கொள்கை.

கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலும், ஆங்கில்லையேல் வடமொழியிலும் தேடுவார். இரண்டிலும் கிடையாதவழியே ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இயைய மாற்றுவார். கெமிஸ்தம் என்னும் நூற்பெயரே அதற்குச் சான்று. 1867-ல் இரண வைத்தியமும், 1872-ல் கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன. அவர் சொற்களிற் சில இன்று நம் செவிக்குக் கடினமாகவே ஒலிக்கின்றன; எனினும் அவற்றைக் கேலி செய்வாரோடு நாம் உடன்படோம். மாணாக்கர் பலர் மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60-க்கு மேற்பட்டவர்.

உடல்நலங் குன்றி 1873-ல் ஊர் திரும்பியபின்னும் தமிழ்ப் பணியை விட்டாரில்லை. கெமிஸ்தம் அச்சேறியது 1875-லேயாம். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலையொன்று நிலவுகின்றது. 1884-ல் வூஸ்டரில் அவர் உயிர் நீத்தார். தமிழரிடை வைத்திய ஊழியஞ் செய்தவர் என்னுங் குறிப்பைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் கேட்டிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.