இஷி: ஓர் இனத்தின் கடைசி வில்லாளி



வில் என்றதும் நமக்கு அர்ஜுனனும் ஏகலைவனும்தான் ஞாபகம் வருவாங்க. நான் சொல்லப் போவது நிஜமாகவே வாழ்ந்த ஒரு வில்லாளியைப் பற்றி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் வாழ்ந்த பழங்குடியினர் யாஹி மக்கள். 1849 முதல் தங்கம் தேடி வெள்ளையர்கள் வந்து குவிந்தனர். யாஹி மக்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மிஞ்சிய சிலர் சுமார் 40 ஆண்டுகள் காட்டில் ஒளிந்தே வாழ்ந்தனர். 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் என்ற ஊரில், பசியால் மெலிந்த ஒருவர் தன்னந்தனியாக வெளியே வந்தார். வயது ஏறத்தாழ 50.

பெயர் கேட்டால் சொல்லவில்லை. அவர்கள் வழக்கப்படி தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. இன்னொரு யாஹிதான் சொல்ல வேண்டும். சொல்ல யார் இருக்காங்க? அதனால் பேராசிரியர் குரோபர், 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்ற பெயரை வைத்தார்.

சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கிய இஷியிடம், டாக்டர் சாக்ஸ்டன் போப் வில் செய்யக் கற்றுக்கொண்டார். இஷிக்குப் பிடித்தது மலை ஜூனிபர் மரம். ஆனா அது லேசுப்பட்ட மரம் இல்லை! கணுக்கள் அதிகம். வில்லை வளைக்கும்போது உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். ஜூனிபர் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் பட்டென்று ஒடிந்துவிடும்.

இதற்கு இஷி ஒரு வழி வைத்திருந்தார். மரத்தைப் பிளந்து, கூரான கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார். மானின் கால் நரம்பை வாயில் மென்று, நார் நாராகப் பிரிப்பார். சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் அதை வில்லின் வெளிப்பக்கம் ஒட்டி, பல நாள் வெயிலில் காய வைப்பார். இழுப்பை நரம்பு தாங்கிக்கொள்ளும், மரம் பிழைத்துக்கொள்ளும். அவர் வில் சுமார் மூன்றரை அடிதான். இழுக்கவோ ஏறத்தாழ 18 கிலோ பலம் வேண்டும்! வில்லை நிற்க வைத்தால் களைத்துப்போகும் என்று படுக்க வைத்தே வைப்பாராம்.

1916 மார்ச் 25 அன்று காசநோயால் இஷி இறந்தார். அவர் மூளையைத் தனியே எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டனர். 2000-இல்தான் அது உறவுமுறைப் பழங்குடியினரிடம் திரும்பி வந்தது.

1923-இல் போப் எழுதிய புத்தகத்தைப் படித்து அமெரிக்காவில் பலர் வில் செய்யத் தொடங்கினர். தன் இனத்தையே அழித்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு, அவர்களில் ஒருவருக்கே தன் கலையை மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார் இஷி. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது, வில்லை விட, அந்த மனசுதான்!