நாதஸ்வரத்தின் சுருதியை ஏன் இறக்கினார் ராஜரத்தினம் பிள்ளை?

நாதஸ்வரத்துக்கு மைக் எதுக்கு, ஊருக்கே கேட்குமே? உண்மைதான். மைக் செட் இல்லாத காலத்தில் நாலு வீதிக்கும் கேட்கணும் என்றுதான் திமிரி நாயனம் வாசித்தார்கள். குட்டைக் குழல், உச்ச சுருதி. சாமி புறப்பாட்டுக்குச் சரி. நாலு சுவருக்குள் வாசித்தால் காதைத் துளைத்துவிடும்.

இதை மாற்றியவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898-ல் திருமருகலில் பிறந்தவர். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. அந்தக் குழைவு நாயனத்திலும் வரணும் என்றால் சுருதி இறங்கியாகணும்.

நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியுடன் சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். குழல் நீண்டால் உள்ளே அதிரும் காற்றும் நீளும், சுருதி தாழும். கணக்கு அவ்வளவுதான், வேலை அவ்வளவு சுலபமில்லை. துளைகளின் இடமே மாறணும். திமிரியில் உதட்டை அழுத்திச் சமாளித்த சுத்த மத்தியமம், பாரியில் நேராகவே பேசியது.

சரி, சுருதி தாழ்ந்தால் திமிரி அளவுக்குத் தூரம் போகாதே? அதை மைக் பார்த்துக்கொண்டது. ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார். மைக் இல்லாமல் நாயனத்துக்குப் பக்கத்தில் தம்புரா எங்கே கேட்கும்? நின்றே வாசிக்கணும் என்ற வழக்கத்தை உடைத்து, மற்ற வித்வான்கள்போல் மேடையில் உட்கார்ந்து வாசித்தார். உண்மையில் பெரிய மாற்றம் இதுதான். தோடி இசைத்தட்டு வீடுவீடாகப் போனது. 1947 ஆகஸ்ட்டில் டெல்லி சுதந்திர விழாவிலும் அவர் நாயனம் ஒலித்தது.

1956 டிசம்பர் 12-ல் காலமானார். இன்றைய கச்சேரி மேடைகளில் இருப்பது பெரும்பாலும் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.