கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

உயிர்கள் பலவற்றுள்ளும் நகைத்து மகிழும் பேறு மனிதனுக்கே சிறப்பாக வாய்த்தது. பிறரைப் புண்படுத்தும் நகைப்பும் உண்டு. பிறர் புண்ணை ஆற்றும் நகைப்பும் உண்டு. முன்னது எளிது, பின்னது அரிது. அவ்வரிய நகைச்சுவையைப் பாட்டாலும் நடிப்பாலும் தமிழ்நாடெங்கும் வழங்கியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மார்த்தாண்டத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தக்கலையைக் கடந்து நாகர்கோயிலை அடைகிறது. அந்நகரின் ஒரு பகுதியாய்ப் பழையாற்றின் கரையில் அமைந்தது ஒழுகினசேரி. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் பெயர் சுடலைமுத்து. தாயார் பெயர் இசக்கியம்மாள். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

வறுமை அக்குடும்பத்தை விட்டு நீங்காதிருந்தது. ஆதலின், கிருஷ்ணனின் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. இளமையிலேயே சிறுசிறு தொழில்கள் செய்து பொருளீட்ட வேண்டியவரானார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றதும் அவற்றுள் ஒன்று. விற்கச் சென்ற சிறுவரின் கண்ணும் செவியும் மேடையின்மீதே சென்றன. ஏட்டுக்கல்வி தடைப்பட்ட இடத்தில் கலைக்கல்வி தொடங்கிற்று.

வில்லிசையும் நாடகமும்

நாஞ்சில் நாட்டு மக்களின் உள்ளத்தோடு ஒன்றிய கலை வில்லுப்பாட்டு. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய ஊர்த்தெய்வங்களின் கொடைவிழாக்களில் அஃது இரவெல்லாம் ஒலிக்கும். மணிகள் கட்டிய நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் தட்டியவாறு புலவர் கதையைப் பாடுவார். குடமும் உடுக்கையும் தாளமும் உடன் முழங்கும். பின்பாட்டுக்காரர் ஆமாம் போட்டும் இடையே வினா எழுப்பியும் கதையை வளர்ப்பர். ஒருவர் பாட, மற்றவர் மறுமொழி கூற, கேட்போர் நகைக்கவும் உருகவும் செய்யும் இக்கலையே கிருஷ்ணனுக்கு முதற்பள்ளியாயிற்று. பிற்காலத்தில் அவர் திரைப்படங்களில் அமைத்த பாட்டுகளிலும் உரையாடல்களிலும் இவ்வினாவிடை முறையே உயிராய் விளங்கியது.

இளம்பருவத்திலேயே அவர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். பாட்டும் நடிப்பும் ஒழுங்கும் ஆங்கே நன்கு பயிற்றப்பட்டன. நகைச்சுவை வேடங்களில் அவர் தனித்திறன் காட்டினார். நாட்டு விடுதலை வேட்கை மிகுந்திருந்த அந்நாளில், தேசபக்தி என்னும் நாடகத்தில் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாகப் பாடினார். தெய்வக் கதைகளைப் பாடிய வில்லில் நாட்டுத் தொண்டரின் கதையும் ஏறியது புதுமையாயிற்று.

திரையுலகில் ஏற்றம்

தமிழ்ப் படங்கள் பேசவும் பாடவும் தொடங்கிய காலம் அது. 1935இல் வெளிவந்த மேனகா, 1936இல் வெளிவந்த சதிலீலாவதி ஆகிய படங்களில் கிருஷ்ணன் நடித்தார். அவ்வாண்டு வசந்தசேனா என்னும் படத்தின்பொருட்டுப் புனே நகருக்குச் சென்றபோது டி. ஏ. மதுரம் என்னும் நடிகையாரைச் சந்தித்தார். இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கலையிலும் வாழ்க்கையிலும் அவர்கள் இணைபிரியாத் துணைவராயினர்.

இவ்விருவரும் தோன்றும் காட்சிக்காகவே மக்கள் படம் பார்க்கச் சென்றனர். நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவினரைக் கொண்டு தாமே அமைத்துக்கொள்வார். உடுமலை நாராயணகவி அவருக்காகப் பல பாடல்கள் இயற்றினார். அவர் குரல் பெரும் இசைவாணரின் குரலன்று. எனினும், சொல் தெளிவும் தாளக் கட்டும் எளிமையும் அதற்கு அழகு தந்தன. இசைத்தட்டுகளின் வாயிலாக அப்பாட்டுகள் சிற்றூர்களிலும் பரவின. மூடப்பழக்கம், குடி, சாதிச்செருக்கு ஆகியவற்றை அவர் சாடினார். ஆயினும், அவற்றிற்கு ஆளானோரை இகழ்ந்தாரல்லர். குற்றத்தை நகைத்துக் குற்றவாளியைத் திருத்துவதே அவர் வழி.

இடியும் மீட்சியும்

புகழின் உச்சியில் நின்ற வேளையிற் பேரிடி ஒன்று விழுந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பரில், திரைப்படக் கலைஞர்களைப்பற்றி இழிவாக எழுதிவந்த இலட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் சென்னையிற் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். அக்கொலைக்குத் தூண்டுதலாயிருந்தனர் என்னும் குற்றச்சாட்டின்பேரில், டிசம்பரில் கிருஷ்ணனும் புகழ்பெற்ற பாடகர் எம். கே. தியாகராச பாகவதரும் சிறைப்படுத்தப்பட்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் முழுதும் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. நேற்றுவரை மாலையிட்ட நாடு திகைத்து நின்றது.

மதுரம் அம்மையார் மனந்தளரவில்லை. வழக்கிற்குப் பொருள் வேண்டும். கணவரை நம்பியிருந்த கலைஞர்களுக்கு வாழ்வும் வேண்டும். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை அவர் நடத்துவித்தார். வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்வரை சென்றது. அம்மன்றத்தின் ஆணைப்படி சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டை மீண்டும் ஆராய்ந்தது. வழக்கறிஞர் வி. எல். எத்திராசு வாதாடினார். 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குமேல் சிறையிற் கழித்த கிருஷ்ணன் வெளியே வந்தார்.

ஒரே துன்பம் இருவரையும் தாக்கியது. ஆயின், இருவர் வாழ்வும் ஒரே வழியிற் செல்லவில்லை. பாகவதரின் பழைய செல்வாக்கு மீளவில்லை. 1959ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கிருஷ்ணனோ மக்களை மீண்டும் சிரிக்கவைத்தார். துன்பம் வருங்கால் நகுமாறு வள்ளுவர் பணித்த அறம் அவர் வாழ்வில் விளங்கியது. தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை எண்ணிக் கசந்துபோகாமல், தம் கலையை மேலும் உயர்ந்த நோக்கங்களுக்கு அவர் பயன்படுத்தினார்.

நற்பணிகள்

1949இல் வெளிவந்த நல்லதம்பி என்னும் படத்தை அவர் உருவாக்கினார். அதன் கதை உரையாடலை அறிஞர் அண்ணா எழுதினார். மதுவிலக்கை வலியுறுத்திய அப்படத்திற் கிந்தனார் கதாகாலட்சேபம் இடம்பெற்றது. நந்தனார் கதையின் அமைப்பைத் தழுவியது அது. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தமையாற் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட கிந்தன் என்னும் சிறுவன், நகரம் சென்று கல்வி கற்று, தன்னை விரட்டிய ஊருக்கே கல்வி அதிகாரியாக மீளுகிறான் என்பது கதை. நந்தன் கோயில் வாயிலை நாடினான். கிந்தன் பள்ளி வாயிலை நாடினான். நான்காம் வகுப்போடு கல்வியை இழந்த ஒருவர் கல்வியின் மேன்மையை இவ்வாறு பாடியது எண்ணி வியக்கத்தக்கது.

1951இல் மணமகள், 1952இல் பணம் ஆகிய படங்களை அவரே இயக்கினார். 1951இல் சோவியத்து நாட்டிற்கும் சென்றுவந்தார். நெல்லைச் சீமையைச் சேர்ந்த இளங்கவிஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வில்லிசையை வளர்த்தார். நாகர்கோயிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார். அப்பட்டமே பின்னர் அவர் பெயராய் நிலைத்தது.

ஈட்டிய பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நலிந்த கலைஞரும் ஏழை மாணவரும் அவர் வாயிலை நாடிவந்தனர். வறுமையின் கொடுமையை இளமையிலேயே அறிந்த கை, வந்தவருக்கு இல்லை என்று சொல்ல நாணியது. ஆதலின், இறுதிக்காலத்திற் பொருட்குறைவும் நோயும் அவரை வருத்தின. எனினும், கொடுக்கும் இயல்பு குறையவில்லை.

மறைவும் புகழும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பிறந்த மண் தமிழகத்தோடு சேர்ந்ததைக் கண்ட கலைவாணர், அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தெட்டு. 1969ஆம் ஆண்டு சனவரியில், முதலமைச்சராயிருந்த அறிஞர் அண்ணா, நோயுற்ற நிலையிலும் சென்னைத் தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கற்சிலையினும் நெடிது நிற்பது மக்கள் உள்ளத்திற் பதிந்த நினைவு. பள்ளி அவருக்கு வாயிலை அடைத்தது. அவரோ பிறர் பள்ளி செல்லப் பாடினார். சிறை அவர் சிரிப்பை அடக்க முயன்றது. அவரோ சிரிப்பாற் சிறுமைகளை வென்றார். செல்வம் வந்தபோது கொடுத்தார், சென்றபோது வருந்தினாரல்லர். தமக்கு நேர்ந்த இடுக்கணைப் பிறர்க்கு நேர்ந்த நன்மையாக மாற்றுவோரே சான்றோர். அத்தகையோருள் ஒருவராய்க் கலைவாணர் என்றும் விளங்குவார்.