எழுத்துக் கூட்டிய எஞ்சினியர்

வடமாலபேட்டையில் என் தமக்கை மகன், ஆறு வயதுச் சிறுவன், புகை விடாத வண்டிக்குப் புகைவண்டி என்று ஏன் பெயர் எனக் கேட்டான். என் பதில் ஜார்ஜ் ஸ்டீபன்ஸன் கதையாக நீண்டது.

1781-ல் இங்கிலாந்தில் வைலம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் சுரங்க நீரை இறைக்கும் எஞ்சினுக்குத் தீ மூட்டுபவர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வசதியில்லை. 18 வயதில்தான், பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டினார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதிலோ அவருக்கு நிகரில்லை. 1814-ல் கரி வண்டிகளை இழுக்கும் எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

படித்தவர் உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. 1815-ல் சுரங்கத்தில் வெடி விபத்து நேராதபடி காக்கும் விளக்கொன்று செய்தார். அதே ஆண்டில் ஸர் ஹம்ப்ரி டேவியும் ஒன்று செய்யவே, கல்லாத தொழிலாளி திருடிவிட்டான் என்று டேவியின் கட்சியார் தூற்றினர். 1825-ல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்காகப் பார்லிமெண்டுக் குழுவின் முன் நின்றபோது வக்கீல்கள் அவரைத் திணற அடித்தனர். நில அளவையில் பிழை இருந்தது உண்மையே. விஞ்ஞான மாணவன் அதை மறைக்கலாகாது.

தமக்குக் கிட்டாத கல்வியை மகன் ராபர்ட்டுக்குத் தந்தார். மகனோடு சேர்ந்து தாமும் படித்தார். 1829-ல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ ராபர்ட்டின் பட்டறையில் உருவானது. கொதிகலத் தண்ணீருக்குள் 25 செம்புக் குழாய்கள். அவற்றினுள் அடுப்பின் அனல் ஓடும். அடியில் மட்டும் எரியும் அண்டாவைவிடத் தண்ணீர் விரைவில் கொதிக்கும். ஆவி பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றும். வேலை முடித்த ஆவி புகைபோக்கியில் சீறிப் பாய்கையில் அடுப்புக்குள் காற்றை இழுக்கும். நம் வீட்டு ஊதுகுழல் செய்யும் வேலைதான். பின்வந்த நீராவி எஞ்சின்களும் அவ்வாறே குபுகுபுவெனப் புகை கக்கின. பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்டீபன்ஸன் 1848-ல் மறைந்தார். 1856 ஜூலை 1-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் பயணி வண்டி புறப்பட்டது.

சிறுவனுக்கோ வண்டி மறந்துவிட்டது. அந்த விளக்கு யாருடையது மாமா, என்றான். இருவரும் தனித்தனியே செய்தார்களடா என்றேன்.