அடகுக் கடைக்குப் போன மேலங்கி

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, வேதியியல்

கார்ல் மார்க்ஸ் என்றதும் அடர்ந்த தாடியும் அகன்ற நெற்றியும் கொண்ட அந்த முகமே நம்மில் பலருக்கு நினைவில் எழும். எனக்கோ ஒரு மேலங்கி நினைவுக்கு வருகிறது. லண்டன் மாநகரில் அடகுக் கடைக்குப் போவதும் மீண்டு வருவதுமாக இருந்த பழைய மேலங்கி அது. அதன் கதையைச் சொன்னால் மார்க்சின் வாழ்க்கையையும், ‘பெட்டிஷ்’ என்ற சொல்லைக் கொண்டு அவர் விளக்கிய கருத்தையும் ஒருசேரச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சோதனைக்குழாய் பிடிக்கும் மாணவனுக்கு இது என்ன வேலை என்று எங்கள் துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன், வேதியியலும் வரும்.

1818-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையிலுள்ள திரியர் என்னும் ஊரில் மார்க்ஸ் பிறந்தார். தந்தை ஹைன்ரிஹ் மார்க்ஸ் வழக்கறிஞர். யூதராகப் பிறந்த அவர், பிரஷ்ய ஆட்சியில் யூதராக இருந்துகொண்டு அத்தொழிலைச் செய்ய முடியாத நிலை வந்தபோது கிறித்தவரானார். மகனும் தம்மைப்போல் சட்டம் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. 1835-இல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகனுக்கோ அங்கே படிப்பைவிடக் குடியும் கடனுமே மிகுந்தன. மறு ஆண்டே தந்தை அவரைப் பெர்லினுக்கு மாற்றினார். பெர்லினில் சட்டம் பின்னுக்குப் போய்த் தத்துவம் முன்னுக்கு வந்துவிட்டது. 1841-இல் யேனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. டெமாக்ரிட்டஸ், எபிக்யூரஸ் ஆகிய இரு கிரேக்க அறிஞர்களின் இயற்கைத் தத்துவங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் ஆய்வுப் பொருள். இருவருமே அணுக்கொள்கையினர் என்பதை எம் துறை நண்பர்கள் கவனிப்பார்களாக. மகன் பட்டம் பெற்றதைப் பார்க்கத் தந்தை இல்லை. 1838-இலேயே அவர் மறைந்துவிட்டார்.

பட்டம் பெற்றும் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. அக்காலப் பிரஷ்ய அரசு இத்தகைய சிந்தனையாளர்களைப் பல்கலைக்கழகங்களின் பக்கம் அண்டவிடவில்லை. ஆகவே 1842-இல் கொலோன் நகரில் ‘ரைன் செய்தி’ என்னும் நாளிதழில் எழுதத் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபரில் அதன் ஆசிரியருமானார்.

அங்கேதான் ஒரு சுள்ளி விவகாரம் வந்தது. ரைன் மாநிலத்து ஏழை மக்கள் காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கி அடுப்பெரிப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். காட்டு உடைமையாளர்கள் நிறைந்த மாநில அவையில் அதையும் திருட்டாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்று விவாதித்தார்கள். என் பாட்டி கரட்டோரம் சுள்ளி பொறுக்கிக் காலம் தள்ளியவர். ஆதலால் இந்தப் பகுதியைப் படித்தபோது ஜெர்மனி எனக்குத் தூரத்து நாடாகத் தெரியவில்லை. மார்க்ஸ் அந்த விவாதத்தைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவற்றின் முடிவில் கியூபாத் தீவின் பழங்குடி மக்களைப் பற்றிய ஒரு கதையை எடுத்தாண்டார். பொன்னுக்காக எதையும் செய்யும் ஸ்பானியரைப் பார்த்த அம்மக்கள், பொன்தான் இவர்கள் தெய்வம் போலும் என்று முடிவுகட்டி, அதற்கு விழா எடுத்துவிட்டுப் பின் கடலில் எறிந்தார்களாம். அவர்கள் மட்டும் ரைன் மாநில அவைக்கு வந்திருந்தால் இங்கே மரக்கட்டைதான் தெய்வம் என்று எண்ணியிருப்பார்கள் என்பது மார்க்சின் குத்தல். மனிதனைவிடச் சுள்ளி பெரிதாகிவிட்டது என்பதை இருபத்து நான்கு வயது இளைஞர் இப்படிச் சொன்னார். ‘பெட்டிஷ்’ என்ற சொல்லை அவர் சமுதாயத்தின் மேல் பிரயோகித்தது இங்கேதான்.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வாணிகம் செய்யப் போன போர்ச்சுகீசியர், அங்குள்ள மக்கள் போற்றிக் காத்த மரப்பாவை, சிப்பி, பல், கயிறு முதலியவற்றைக் கண்டு, தம் மொழியில் சூனியத்தைக் குறிக்கும் ‘பெயிட்டிசோ’ என்ற சொல்லால் அவற்றை அழைத்தனர். அதன் வேர் ‘செய்யப்பட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல். 1760-இல் சார்ல் தெ புரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து ‘பெட்டிஷிசம்’ என்றொரு கொள்கைப் பெயரை உருவாக்கி, தம் கைகளால் செய்த பொருளையே கும்பிடும் ஆதி மதம் என விளக்கி நூல் எழுதினார். அந்நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை 1842-இல் மார்க்ஸ் படித்துக் குறிப்பெடுத்தார். ஆப்பிரிக்கரை எள்ளி நகையாடப் பிறந்த சொல்லை ஐரோப்பியர் பக்கமே திருப்பிவிட்டார். பொன்னுக்காகக் கடல் கடந்து, மனிதரையே சரக்காக விற்றவர்கள், மரப்பாவையைக் கும்பிட்டவர்களைப் பார்த்துச் சிரித்தது என்ன நியாயம்? ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லைத் திருப்பினாரே தவிர, அந்த ஆப்பிரிக்க மக்கள் உண்மையில் என்ன நினைத்து அப்பொருள்களைப் போற்றினார்கள் என்று மார்க்ஸ் விசாரிக்கவில்லை. அது ஒரு குறையே என்பது என் தாழ்மையான கருத்து. (இதே சொல்லைப் பிராய்டு 1927-இல் மன நோய்த் துறையில் வேறு பொருளில் விரித்தெழுதினார். அது தனிக் கதை.)

நாளிதழை அரசு 1843-இல் மூடிவிட்டது. அவ்வாண்டு ஜூனில், ஏழாண்டுகள் காத்திருந்த ஜென்னியை மணந்தார். ஜென்னி பிரபுக் குடும்பத்துப் பெண். அதன்பின் பாரிஸ், அங்கே 1844-இல் எங்கெல்சுடன் ஏற்பட்ட நட்பு சாகும்வரை நீடித்தது. பாரிசிலிருந்து வெளியேற்றம், பிரசெல்ஸ், 1848-இல் கம்யூனிஸ்ட் அறிக்கை, அங்கிருந்தும் வெளியேற்றம், மீண்டும் கொலோன், மீண்டும் வெளியேற்றம். இவை யாவும் எல்லா நூல்களிலும் உள்ளவை. 1849 ஆகஸ்டில் லண்டன் சேர்ந்தார். நம் மேலங்கி அங்கேதான் வருகிறது.

1850-இல் வாடகைப் பாக்கிக்காக அமீனாக்கள் வந்து கட்டில், படுக்கை, துணிமணிகளோடு கைக்குழந்தையின் தொட்டிலையும் பெண் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களையும்கூட ஜப்தி செய்தார்கள். பின்னர் சோஹோ பகுதியில் டீன் தெருவில் நெருக்கடியான அறைகளில் குடியிருந்தார்கள். அங்கே சாவு அடிக்கடி கதவைத் தட்டியது. 1850-இல் ஆண் குழந்தை கைடோ, 1852-இல் பெண் குழந்தை பிரான்சிஸ்கா, 1855-இல் எட்டு வயது எட்கர் என மூவர் போயினர். பிரான்சிஸ்காவுக்குச் சவப்பெட்டி வாங்க வீட்டில் காசில்லை. பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அகதி ஒருவர் தந்த இரண்டு பவுன் கொண்டே குழந்தையை அடக்கம் செய்தனர்.

வீட்டில் இருந்ததெல்லாம் அடகுக் கடைக்கு நடந்தது. ஜென்னியின் பிறந்த வீட்டு வெள்ளிச் சாமான்கள் போயின. செருப்பும் துணியும் போயின. 1852 பிப்ரவரியில் மேலங்கிகள் அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று எங்கெல்சுக்குக் கடிதம் எழுதினார். லண்டன் குளிரில் மேலங்கி இல்லாதவன் வீட்டுக் கைதிதான். மார்க்ஸ் நாள்தோறும் சென்று படித்த பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்கு எப்படிப் போவது? அதே ஆண்டு அக்டோபரில் எழுதும் தாள் வாங்குவதற்காக ஒரு மேலங்கியை அடகு வைத்தார். எண்ணிப் பாருங்கள்: மேலங்கி இருந்தால் தாள் இல்லை, தாள் வாங்கினால் மேலங்கி இல்லை.

இவர் வருமானத்துக்கு வழி தேடாமலா இருந்தார்? ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளிதழுக்கு 1852 முதல் பத்தாண்டு எழுதினார். 1853-இல் இந்தியாவைப் பற்றி, ஆங்கிலேய ஆலைத்துணி நம் கைத்தறியையும் இராட்டையையும் அழித்ததைப் பற்றி எழுதியவை அவற்றுள் சில. 1862-இல் ஒரு ரயில்வே அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனார். கையெழுத்து மோசம் என்று மறுத்துவிட்டார்கள். தேர்வுத்தாளில் கையெழுத்துக்காகத் திட்டு வாங்கும் நாம் ஆறுதல் கொள்ளலாம். எங்கெல்ஸ் மான்செஸ்டரில் தமக்குப் பிடிக்காத பஞ்சாலைக் கம்பெனி வேலையில் ஏறத்தாழ இருபதாண்டு இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்கக் கூடாது: பிற்காலத்தில் கையில் பணம் வந்தபோதும் மார்க்சுக்குக் கட்டுச்செட்டாக வாழத் தெரியவில்லை. பெண்களின் எதிர்காலம் கருதி வரவுக்கு மீறிய வீடு, பியானோ என்று செலவழித்து மறுபடியும் கடனில் விழுந்தார். மகளைக் கரையேற்றக் கடன் வாங்கும் நம் ஊர்த் தகப்பன்மாரைப் பார்த்தவர்கள் அவரைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

கடைசி மகள் எலியனோருக்கு அவர் மாதக் கணக்கில் ஒரு தொடர்கதை சொல்லிவந்தார். அதன் நாயகன் ஹான்ஸ் ரோக்லே என்னும் மந்திரவாதி. அவன் பொம்மைக்கடை வைத்திருந்தான். கடை நிறைய அதிசயப் பொம்மைகள். அவன் பையிலோ எப்போதும் காசில்லை. கசாப்புக் கடைக்காரனுக்கும் கடன், பிசாசுக்கும் கடன். வேறு வழியின்றி ஆசையாய்ச் செய்த பொம்மைகளைப் பிசாசுக்கு விற்பான். அவை எங்கெங்கோ சுற்றி, என்னென்னவோ கண்டு, முடிவில் அவன் கடைக்கே திரும்பி வந்துவிடும். ஜப்தியில் போன பொம்மைகளை நினைத்துத்தான் மார்க்ஸ் இக்கதையைக் கட்டினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. எலியனோர் அப்போது பிறக்கவில்லை. ஆனால் தகப்பன் மறந்திருப்பாரா?

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டு விடுதிக் கட்டணத்துக்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கூடவே நானும் போயிருந்தேன். கடைக்காரர் தோட்டை உரைகல்லில் தேய்த்தார், தராசில் வைத்தார், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தார், ஒரு தொகையைச் சொன்னார். அது பாட்டி சுள்ளி விற்றுச் சேர்த்த காசில் அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கியது. அந்த விவரத்தை எந்தத் தராசில் வைப்பது? அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தொழில் அது. அம்மா இப்போது கவரிங் தோடு போட்டிருக்கிறார். கேட்பவர்களிடம் நல்ல தோடு பெட்டியில் இருக்கிறது என்கிறார். வரும் ஆடிக்குள் மீட்காவிட்டால் அது மூழ்கிவிடும். மார்க்ஸ் சொன்ன ‘சரக்கின் பெட்டிஷ் தன்மை’ என்ற பகுதியை நூலகத்தில் இருமுறை படித்தும் விளங்காமல், இந்தத் தராசை நினைத்தபின்தான் சற்று விளங்கியது.

‘மூலதனம்’ முதல் தொகுதி 1867 செப்டம்பரில் ஹாம்பர்க் நகரில் வெளியாயிற்று. அச்சிட்டவை ஆயிரம் படிகள். அவ்வாண்டு ஏப்ரலில் கையெழுத்துப் பிரதியைத் தாமே கப்பலில் கொண்டுபோனார். புறப்படுமுன் துணிகளையும் கடியாரத்தையும் அடகிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. எங்கெல்ஸ் பணம் அனுப்பினார். அந்நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்தால் நமக்கு அறிமுகமான ஒருவர் நிற்கிறார்: 20 கெஜம் லினன் துணிக்கு ஈடு ஒரு மேலங்கி! பக்கம் பக்கமாக அந்த மேலங்கியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் மார்க்ஸ். அது 10 இராத்தல் தேயிலைக்கும் ஈடு, 2 அவுன்ஸ் பொன்னுக்கும் ஈடு. குளிரைக் காக்கும் துணி எப்படிப் பொன்னுக்குச் சமமாகிறது?

வேதியியலார்க்குரிய இடம் இதுவே. ஒரு முத்தை அமிலத்தில் கரைத்தால் கால்சியம் உப்பு கிடைக்கும். வைரத்தை எரித்தால் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். அவற்றின் விலையை எந்தச் சோதனைக்குழாயிலும் எந்த வேதியியலாரும் கண்டதில்லை என்று மார்க்ஸ் நம்மைச் சாட்சிக்கு இழுக்கிறார். மதிப்பு என்பது பொருளின் உடம்பில் இல்லை. நெய்தவரும் தைத்தவரும் விளைவித்தவரும் ஒருவரையொருவர் அறியாமல், சந்தையின் வழியே மட்டும் தம் உழைப்பைப் பரிமாறிக்கொள்வதால் வருவது அது. ஆனால் மனிதருக்கிடையே உள்ள அந்த உறவு மறைந்து, துணியும் பொன்னும் தமக்குள் பேசி விலை தீர்மானிப்பதுபோல் தோன்றுகிறது. நாம் செய்த பொருள் நம்மையே ஆட்டிவைக்கிறது. மரப்பாவையைச் செய்தவன் அதன்முன் நடுங்கியதாகச் சொன்னார்களே, அதேதான்.

இதைத் தெரிந்துகொண்டால் மாயை விலகிவிடுமா? விலகாது என்பதில் மார்க்ஸ் உறுதியாக இருந்தார். காற்று பல வாயுக்களின் கலவை என்று அறிவியல் பிரித்துக் காட்டியபின்னும் வளிமண்டலம் அப்படியே இருப்பதைப்போல என்று உவமை சொன்னார். சந்தை உள்ளவரை இத்தோற்றமும் இருக்கும். அது வெறும் கண்மயக்கமன்று. 1872-73-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இப்பகுதியைத் திருத்தி, தனித் தலைப்பிட்டு, இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளை அவரால் முடிக்க இயலவில்லை. எங்கெல்ஸ்தான் 1885-லும் 1894-லும் வெளியிட்டார்.

1881 டிசம்பர் 2-ஆம் நாள் ஜென்னி மறைந்தார். உடல்நலம் தேடி மார்க்ஸ் 1882-இல் அல்ஜியர்ஸ் சென்றார். அங்கே ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டபின் புகழ்பெற்ற அந்தத் தாடியை மழித்துக்கொண்டார். 1883 ஜனவரியில் மூத்த மகளும் இறந்தாள். மார்ச் 14-ஆம் நாள் பிற்பகல், தம் நாற்காலியில் அமர்ந்தபடியே மார்க்சின் உயிர் பிரிந்தது. 17-ஆம் நாள் ஹைகேட் கல்லறையில் ஜென்னியின் பக்கத்தில் அடக்கம் செய்தனர். வந்திருந்தோர் மிகச் சிலரே.

அவருடைய சட்டைப் பையில் எலியனோர் மூன்று படங்களைக் கண்டெடுத்தாள். ஒன்று மனைவியினுடையது, ஒன்று மூத்த மகளுடையது, மற்றொன்று, 1838-இல் மறைந்த தந்தையின் பழைய படம். எத்தனையோ பொருள்கள் அடகுக்குப் போன அந்த வீட்டிலிருந்து அது மட்டும் எங்கும் போகவில்லை. மூன்றையும் எங்கெல்ஸ் வாங்கிச் சவப்பெட்டிக்குள் வைத்தார்.